வாடகைதாரரைக் காக்கவா, வெளியேற்றவா?
புதிய வாடகைச் சட்டங்களும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களும்

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் இஞ்சிவிளையைத் தாண்டினால் கேரளம் தொடங்கிவிடுகிறது. பனச்சமூட்டிலோ எல்லைக்கோடு சந்தையை ஒட்டியே கிடக்கிறது. கோட்டின் இருபுறமும் அதே ரப்பர்த் தோட்டம், அதே மரச்சீனி, அதே கூலி வேலை. தமிழ் கலந்த மலையாளமும் மலையாளம் கலந்த தமிழுமாக அதே பேச்சு. காலையில் பாறசாலையிலும் குழித்துறையிலும் ரயிலேறித் தலைநகருக்குக் கட்டட வேலைக்குச் செல்வோரைப் பார்த்து இன்னார் இன்ன மாநிலம் என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் அவர்களில் வாடகை வீட்டில் குடியிருப்போருக்கு மட்டும் சட்டம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

எல்லைக்குக் கிழக்கே, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த ‘தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம், 2017’. மேற்கே, 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டு) சட்டம். இவ்விரண்டுக்கும் மேலாக, 2021 ஜூன் 2 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் வழங்கி மாநிலங்களுக்கு அனுப்பிவைத்த ‘மாதிரி வாடகைச் சட்டம்’ தொங்குகிறது. மாநிலங்கள் ஏற்றால்தான் அது சட்டம். தமிழ்நாடு, ஆந்திரம், உத்தரப் பிரதேசம், அசாம் ஆகியவை தம் சட்டங்களை அதன் திசையில் திருத்திவிட்டன என்று ஒன்றிய அமைச்சகம் பெருமையோடு கணக்குக் காட்டியது. கேரளத்திலும் பழைய சட்டத்தை ஒழித்துக்கட்ட வேண்டும் என்பது கட்டட உரிமையாளர்களின் நெடுநாள் கோரிக்கை. ஆகவே எல்லையின் கிழக்குப் பக்கத்தில் நடப்பதை மேற்குப் பக்கத்தார் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

புதிய சட்டங்களின் உயிர்நாடி ஒரே சொல்: ஒப்பந்தம். வாடகை எவ்வளவு? ஒப்பந்தத்தில் கண்டபடி. எப்போது உயரும்? ஒப்பந்தத்தில் கண்டபடி. எத்தனை காலம் குடியிருக்கலாம்? அதுவும் ஒப்பந்தத்தில் கண்டபடி. உரிமையாளரும் வாடகைதாரரும் சமமானவர்களாக எதிரெதிரே அமர்ந்து, சுதந்திரமாகப் பேசி, கையெழுத்திடுவதாக ஒரு காட்சியைச் சட்டம் கற்பனை செய்துகொள்கிறது. இந்தக் காட்சியை நம்பச் சொல்பவர்கள், மழைக்காலம் தொடங்கும் முன் பிள்ளைகளின் பள்ளிக்கு அருகில் ஓர் அறை தேடி அலையும் தாயின் இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. ஒருவருக்கு வீடு ஒரு வருமானம். மற்றவருக்கோ அது இல்லாமல் இன்றிரவு கழியாது. காத்திருக்கும் வலிமை ஒருவரிடம் மட்டுமே இருக்கும் பேரத்தைச் சுதந்திரமான பேரம் என்று அழைப்பது முதலாளித்துவச் சட்டவியலின் பழைய வித்தை.

கடுதாசி இல்லாதவர் குற்றவாளி

தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆயிரம் குறைகள் இருந்தன. ஆனால் அதன் அடிப்படை தெளிவானது. குத்தகைக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவரை வெளியேற்ற முடியாது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் நேர்மையான சொந்தத் தேவை என்று சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்றை நிரூபித்தாக வேண்டும். நியாய வாடகையை நிர்ணயிக்குமாறு கேட்கவும் வழி இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இந்த அடித்தளத்தையே பெயர்த்தெடுத்தது. வாடகை என்பது ஒப்புக்கொண்ட வாடகை. காலம் முடிந்தால் வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் இரட்டிப்பு வாடகை.

இதைவிடக் கூர்மையான கத்தி 21ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமையாளரும் வாடகைதாரரும் எழுத்துவழி ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வெளியேற்றத்துக்குப் போதுமான காரணம்! சட்டம் வருவதற்கு முன்பே வாய்மொழியாகக் குடியிருந்தவர்களும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விதித்தார்கள். முதலில் 90 நாள் கெடு வைத்தார்கள், பிறகு அதை நீட்டினார்கள். ஒப்பந்தம் எழுத இரண்டு கைகள் வேண்டும். அவற்றில் ஒரு கை மறுத்தால் தண்டனை யாருக்கு? ‘வாடகையை இரண்டு மடங்காக்கினால் கையெழுத்திடுகிறேன்’ என்று உரிமையாளர் சொன்னால் வாடகைதாரர் என்ன செய்வார்? ஒப்பந்தம் இல்லாத நிலை நீடித்தால் உரிமையாளருக்கு வழக்குக்கான காரணம் தானாகவே கிடைத்துவிடுகிறது. வாடகைதாரருக்குக் கிடைப்பது தெரு. பதினைந்து இருபது ஆண்டுகளாக மாதந்தவறாமல் வாடகை கொடுத்தவர், ரசீது கேட்டால் முகம் சுளிப்பார்களே என்று கேட்காமலே விட்டவர், ஒரே நாளில் சட்டத்தின் பார்வையில் குற்றவாளியாகிவிடுகிறார்.

முன்பணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறோமே என்பார்கள். தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதைச் சட்டவிரோதம் என்கிறது, உண்மைதான். அதே வரியின் தொடக்கத்தில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி என்றும் அது சொல்லிவைக்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிக்க இதைவிடச் சிறிய வாக்கியம் வேண்டியதில்லை. மாதிரிச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையே வரம்பு என்கிறது. அது சற்று மேலானது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் அதே மாதிரிச் சட்டம், காலம் முடிந்தும் வெளியேறாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இரட்டிப்பும் அதன்பின் நான்கு மடங்கும் வாடகை செலுத்த வேண்டும் என்கிறது. மாதம் 6,000 ரூபாய் வாடகையில் இருக்கும் கொத்தனார் ஒருவருக்குக் காலக்கெடுவுக்குள் வேறு வீடு கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு மாதங்கள் 12,000, மூன்றாம் மாதத்திலிருந்து 24,000. வீடு கிடைக்காதது அவர் குற்றமா? வெளியேறாமல் இருப்பதற்கு அவரிடம் இருக்கும் ஒரே காரணம் போக இடமில்லை என்பதுதான். அந்தக் காரணத்தை மட்டும் சட்டம் கேட்கவே மறுக்கிறது.

தண்ணீரையும் மின்சாரத்தையும் உரிமையாளர் துண்டிக்கக் கூடாது, 24 மணி நேரம் முன்னறிவிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றெல்லாம் புதிய உரிமைகள் வந்திருப்பதாக விளம்பரம் செய்கிறார்கள். அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதைத் தமிழ்நாட்டின் பழைய சட்டமும் தடுத்தது. கேரளச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் தடுக்கிறது. இருந்த சட்டையைத் துவைத்துக் கொடுத்துவிட்டுப் புதுச்சட்டை என்பது இதுதான். வழக்குகளோ உரிமையியல் நீதிமன்றங்களின் வரம்பிலிருந்து அகற்றப்படுகின்றன. துணை ஆட்சியர் தரத்தில் ஒரு வாடகை அதிகாரி. அவருக்கு மேல் வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம் என்ற தனி அடுக்கு. விரைவான தீர்வுதான் நோக்கமாம். எதற்கான விரைவு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நெய்யாற்றின்கரை அந்த விரைவை ஒருமுறை பார்த்திருக்கிறது. 2020 டிசம்பர் 22 அன்று, நெல்லிமூட்டை அடுத்த ஒரு குடியிருப்பில், மூன்று சென்ட் நிலத்திலிருந்து ஒரு குடும்பத்தை வெளியேற்றும் நீதிமன்ற ஆணையை நிறைவேற்ற ஊழியர்களும் காவல்துறையினரும் வந்தனர். குடும்பத் தலைவர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு மனைவியையும் அணைத்தபடி நின்றார். மேல்நீதிமன்றத் தடையாணை வரவிருக்கிறது, சற்றே பொறுங்கள் என்று அவர் மன்றாடியதாக அப்போதைய செய்திகள் கூறின. தீ பற்றியது. சில நாட்களுக்குள் கணவனும் மனைவியும் அடுத்தடுத்து இறந்தனர். அது வாடகை வழக்கன்று, நிலத்தின் உரிமை பற்றிய வழக்கு; இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வெளியேற்ற ஆணை என்ற காகிதம் ஒரு வீட்டு வாசலை அடையும்போது, ‘இவர்கள் இன்றிரவு எங்கே உறங்குவார்கள்?’ என்ற கேள்வி அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை என்பதை அந்த நாள் காட்டியது. இடது ஜனநாயக முன்னணி ஆட்சியிலிருந்த மாநிலத்தில் இது நடந்தது என்பதால் நம் குரல் தாழ வேண்டிய அவசியமில்லை. இன்னும் உரக்க ஒலிக்க வேண்டும்.

மேற்கே இருப்பது கோட்டையா?

கேரளத்தின் 1965ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருந்தால் போதும் என்று எவரேனும் சொன்னால் அதையும் ஏற்பதற்கில்லை. அச்சட்டம் அட்டவணையில் கண்ட பகுதிகளுக்கும் அரசு அறிவிக்கை செய்யும் பகுதிகளுக்கும் மட்டுமே உரியது. அறிவிக்கை எட்டாத ஊராட்சியில் குடியிருப்பவருக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே கதி. அதன் 106ஆம் பிரிவின்படி மாத வாடகைக் குடித்தனத்தை முடிக்கப் பதினைந்து நாள் அறிவிப்புப் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம், 2025இலும் ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து நாட்களில் மூட்டை கட்டச் சொல்கிறது.

சட்டம் பொருந்தும் இடங்களிலும் அதன் பாதி உடல் செயலிழந்து கிடக்கிறது. நியாய வாடகை, அதிகப்படியாக வாங்குவதற்குத் தடை ஆகியவற்றைக் கூறும் 5, 6, 8ஆம் பிரிவுகளைக் கேரள உயர்நீதிமன்றம் 1995இல் ஐசக் நைனான் வழக்கில் செல்லாதவை என்று அறிவித்துவிட்டது. அதன்பின் வாடகையின் அளவை நடைமுறையில் சந்தையே தீர்மானிக்கிறது. எஞ்சியிருப்பது வெளியேற்றத்துக்கு எதிரான 11ஆம் பிரிவின் பாதுகாப்பு. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. உரிமையாளர் தம் சொந்தத் தேவைக்கென்று கட்டடத்தைக் கேட்கும்போது, அங்கே நடத்தும் வணிகத்தையே பிழைப்பாக நம்பியிருக்கும் வாடகைதாரருக்கு, வட்டாரத்தில் வேறு பொருத்தமான கட்டடம் கிடைக்காவிட்டால், சட்டம் கேடயம் தருகிறது. நல்லது, சிறு கடைக்காரருக்கு அது உயிர் காக்கும் ஏற்பாடு. ஆனால் குடியிருக்கும் வீட்டுக்கு அதே கேடயம் இல்லை. கல்லாப்பெட்டி இருந்தால் ‘வேறு இடம் கிடைக்குமா?’ என்று நீதிமன்றம் கேட்கும். அடுப்பு மட்டும் இருந்தால் அந்தக் கேள்வி எழாது.

இருந்தும், காரணம் காட்டாமல் வெளியேற்ற முடியாது என்ற ஒரு கொள்கை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. உரிமையாளருக்கு அதே ஊரில் வேறு கட்டடம் இருந்தால், இதுவே ஏன் வேண்டும் என்பதற்குச் சிறப்புக் காரணம் சொல்லியாக வேண்டும். மாதிரிச் சட்டத்தை அப்படியே ஏற்றால் முதலில் பலியாகப் போவது இந்தக் கொள்கைதான்.

எல்லைப்புறத்தின் உண்மையான வாடகை உறவுகள் இந்த மூன்று சட்டங்களின் கண்ணிலும் படாதவை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகள் பதினொரு மாத முத்திரைத்தாளில் ஓடுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடு அது. அடுத்து ஒற்றி. குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரத்தின் தென்பகுதியிலும் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகையின்றிக் குடியிருப்பது வழக்கம். மேற்கே அதைப் பணயம் என்பார்கள். மகளின் நகையை விற்றும் வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பியதைச் சேர்த்தும் கொடுக்கும் பணம் அது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டம். ஆனால் ஒற்றிகளோ பெரும்பாலும் பதிவாகாத தாளில் நிற்கின்றன. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருப்பதும், உரிமையாளர் அதை வேறொருவருக்கு விற்றுவிட்டதும் பிறகுதான் தெரியவரும். இரண்டு மாத முன்பணம், மூன்று மாத முன்பணம் என்று தில்லியிலும் சென்னையிலும் உட்கார்ந்து வரம்பு எழுதியவர்களுக்கு இங்கே ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பே முன்பணமாகப் போய்க்கொண்டிருப்பது தெரியவில்லை.

வேலையோடு சேர்ந்த குடியிருப்பு இன்னொரு இருட்டு. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குப் பணி ஒப்பந்தத்தின் பகுதியாகக் கொடுக்கும் கட்டடங்களை மாதிரிச் சட்டம் தன் வரம்பிலிருந்தே விலக்கிவிட்டது. தனியார் மருத்துவமனைச் செவிலியர் விடுதியாகட்டும், வடமாநிலத் தொழிலாளர் அடைந்து கிடக்கும் லைன் வீடாகட்டும், வேலை போனால் கூரையும் அன்றே போகும். சாதியைக் கேட்டு, மதத்தைக் கேட்டு, தனித்து வாழும் பெண் என்பதைக் கேட்டு வீடு மறுப்போருக்கு எதிராகவோ எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது.

பூட்டிய வீடுகள் என்னும் வாதம்

மாதிரிச் சட்டத்துக்கு ஒன்றிய அரசு சொல்லும் முதன்மை நியாயம் இது: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நகர்ப்புறங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் காலியாகக் கிடக்கின்றன, வாடகைதாரர் வெளியேற மாட்டார் என்ற அச்சத்தால் உரிமையாளர்கள் பூட்டிவைத்திருக்கிறார்கள், அச்சத்தைப் போக்கினால் வீடுகள் திறக்கும், வாடகை குறையும்.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை சாலையோரம் நடந்து வந்தாலே இந்த வாதத்தின் பொய்மை புரியும். பூட்டிய வீடுகள் இங்கே ஏராளம். அவற்றில் பல வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்களின் வீடுகள். ஓய்வுக்காலத்துக்கென்றும் பிள்ளைகளின் திருமணத்துக்கென்றும், இன்னும் சில விலையேற்றத்தை எதிர்பார்த்தும் பூட்டப்பட்டிருக்கின்றன. லட்சக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய மாடி வீட்டை மாதம் 6,000 தரக்கூடிய கூலித் தொழிலாளிக்கு விட எந்த உரிமையாளரும் காத்திருக்கவில்லை. அந்த வீட்டுக்கும் அந்தத் தொழிலாளிக்கும் நடுவே நிற்பது சட்டமன்று, விலை. எல்லைக்குக் கிழக்கே உரிமையாளரின் அச்சத்தைப் போக்கும் சட்டம் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் பூட்டுகள் திறந்தனவா, வாடகை குறைந்ததா என்று அங்கே வீடு தேடுபவரைக் கேட்டுப் பாருங்கள்.

மேலும், விழிஞ்ஞம் துறைமுகம் இருப்பது நெய்யாற்றின்கரை வட்டத்தில். 2025 மே 2 அன்று பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். துறைமுகத்தைச் சுற்றி நிலத்தைப் பற்றிய பேச்சே மாறிவிட்டது. வெளிவட்டச் சாலை, சரக்குக் கிடங்கு, தொழில் வழித்தடம் என்று திட்டங்கள் அடுக்கப்படுகின்றன. இவற்றைக் கட்டப்போகும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் எங்கே தங்குவார்கள் என்ற திட்டம் மட்டும் காணோம். நிலத்தின் விலை ஏறும்போது வாடகைக்கு உச்சவரம்பு இல்லாத, குடியிருப்புக் காலத்துக்கு உத்தரவாதம் இல்லாத சட்டம் யாருக்கு வேண்டும்? ஒரு மாடியை வாடகைக்கு விட்டு மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கா? அவருடைய தேவையைப் பழைய சட்டத்தின் நேர்மையான சொந்தத் தேவை என்ற பிரிவே நிறைவேற்றும். வழக்கு இழுபடுகிறது என்றால் கூடுதல் நீதிபதிகளை நியமிக்கட்டும். மாதிரிச் சட்டம் அவர் முகத்தை முன்னே காட்டுகிறது. பின்னே நிற்பது வாடகைக் குடியிருப்பை முதலீட்டுச் சரக்காக்கத் துடிக்கும் ரியல் எஸ்டேட் மூலதனம். வாடகைக் குடியிருப்பில் தனியார் பங்கேற்புக்கு இது ஊக்கமளிக்கும் என்று ஒன்றிய அரசின் அறிவிப்பே ஒளிவுமறைவின்றிச் சொல்லியது.

சந்தையில் வீடு தேடுவது என்றால் என்னவென்று அறிய வேண்டியவர்கள் கடற்கரைக்குச் செல்லட்டும். கடலரிப்பில் வீடிழந்து திருவனந்தபுரத்தின் கிடங்குகளிலும் பள்ளிகளிலும் அடைபட்டுக் கிடந்த மீனவக் குடும்பங்களுக்கு, 2022இல் விழிஞ்ஞம் போராட்டம் சூடுபிடித்தபோது, மாதம் 5,500 ரூபாய் வாடகை உதவியைக் கேரள அரசு அறிவித்தது. இந்தத் தொகைக்கு எங்கே வீடு கிடைக்கும் என்று போராடியவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அரசே பணம் கொடுத்து அனுப்பினாலும் சந்தை கதவைத் திறப்பதில்லை. பொழியூர்க் கரையிலும் கடல் வீடுகளைத் தின்றுகொண்டே வருகிறது.

ஐந்து ரூபாய்க் குடிசையின் பாடம்

வாடகைக் கட்டுப்பாடு எந்த ஆட்சியாளரின் கருணையாலும் வந்ததில்லை. 1915இல் கிளாஸ்கோ நகரில், போர்க்காலத்தில் வாடகையை ஏற்றிய உரிமையாளர்களுக்கு எதிராக, மேரி பார்பர் போன்ற உழைக்கும் பெண்களின் தலைமையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாடகை தர மறுத்து நின்றன. கப்பல் கட்டும் தொழிலாளர்கள் துணைக்கு வந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாடகையை உறையவைத்துச் சட்டமியற்றியது. பம்பாயின் வாடகைச் சட்டம் 1918இல் வந்தது. 2021இல் பெர்லின் வாக்காளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெரும் வீட்டு நிறுவனங்களின் சொத்தைச் சமூகவுடைமையாக்க வேண்டும் என்று வாக்களித்தது இதே வரலாற்றின் தொடர்ச்சி.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. ஐந்து மாதம் கழித்து, 1957 ஏப்ரல் 5 அன்று தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைச்சரவை பொறுப்பேற்றது. ஆறாம் நாள், ஏப்ரல் 11 அன்று, குடியானவர்களையும் குடிகிடப்புக்காரர்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. யாரிடம் ஒப்பந்தம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று அது முதலில் கேட்கவில்லை. முதலில் வெளியேற்றத்தை நிறுத்து. உரிமையைப் பிறகு ஆராயலாம் என்றது. எல்லைக்கு மேற்கே அன்றிரவு நிம்மதியாக உறங்கிய குடும்பங்கள் பல. கிழக்கே அந்தச் சட்டம் செல்லவில்லை.

அந்த வழியில் வந்ததுதான் 1963ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டமும், 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அதன் திருத்தமும். குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து சென்ட், மாநகரத்தில் மூன்று சென்ட் வரை நிலத்தை விலைக்குப் பெறும் உரிமை கிடைத்தது. யார் குடிகிடப்புக்காரர் என்ற வரையறையை இன்றைய சட்டம் எழுதுவோர் ஒருமுறை படிக்க வேண்டும். பிறர் கட்டிய குடிசையாயினும், கட்டியபோது 750 ரூபாய்க்கு மேல் செலவாகாததாகவோ, மாதம் ஐந்து ரூபாய்க்கு மேல் வாடகை பெறாததாகவோ இருந்தால், அதில் குடியிருந்தவர் அந்த வரையறைக்குள் வந்தார். அதாவது, வாடகைக் குடிசையில் இருந்த ஏழையைச் சட்டமே உரிமையாளராக்கியது. அன்று சட்டம் கேட்டது ‘இந்தக் கூரை எவ்வளவு எளியது?’ என்று. இன்று கேட்பது ‘உன் கடுதாசி எங்கே?’ என்று.

இரண்டுக்கும் இடையே நடந்தது என்ன? குடிகிடப்புக்காரருக்குப் பின்னால் சங்கம் இருந்தது. வேலி தாண்டிக் குடிசைக்கு உரிமை நாட்டிய இயக்கம் இருந்தது. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் பத்து சென்டைப் பங்கிட்ட பின் இடமின்றி வாடகைக்கு வந்திருக்கிறார்கள். ரப்பர் வெட்டும் தொழிலாளியாகவும், முந்திரி ஆலைப் பெண்ணாகவும், ஆட்டோ ஓட்டுநராகவும் அவர்களுக்குத் தொழிற்சங்கம் உண்டு. வாடகைதாரர் என்ற முறையில் எவரும் அவர்களை ஒருங்கிணைக்கவில்லை. வெளியேற்ற அறிவிப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக வருகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியாக மூட்டை கட்டுகிறார்கள். 1872இல் வீட்டுப் பிரச்சினை குறித்து எங்கெல்ஸ் எழுதிய கட்டுரைகளின் சாரம், முதலாளித்துவம் அதைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தவே செய்கிறது என்பது. அதற்காக, கூலி உயர்வுக்கு இன்று போராடும் நாம், அந்தக் கூலியை மாதத் தொடக்கத்திலேயே விழுங்கும் வாடகைக்கு எதிராகப் போராடாமல் இருக்க வேண்டும் என்பதில்லை.

கேரளத்தில் புதிய சட்டம் வந்தாக வேண்டும் என்றால் அது மாதிரிச் சட்டத்தின் நகலாக இருக்கக் கூடாது. காரணமின்றி வெளியேற்றமில்லை என்ற கொள்கை எல்லா ஊராட்சிகளுக்கும் விரிய வேண்டும். கடைக்காரருக்கு இருக்கும் ‘வேறு இடம் உண்டா?’ என்ற கேடயம் குடியிருப்பவருக்கும் கிடைக்க வேண்டும். நியாய வாடகைக்கு, நீதிமன்றத்தில் நிற்கத்தக்க புதிய அளவுகோலைச் சட்டமன்றம் வகுக்க வேண்டும். ஒரு வீட்டின் மாடியை விடுபவரையும் ஐம்பது அறை கட்டி விடுபவரையும் அது ஒரே தட்டில் நிறுத்தலாகாது. தமிழ்நாட்டில் 21ஆம் பிரிவின் அந்த ஒரு காரணம், ஒப்பந்தமின்மை, உடனே நீக்கப்பட வேண்டும்.

ஒற்றிப் பணத்துக்கு, வீட்டின் மேலுள்ள வங்கிக் கடனுக்கு இணையான பாதுகாப்பு வேண்டும். கட்டணமின்றிப் பதிவு செய்யும் ஏற்பாடு சார்பதிவாளர் அலுவலகங்களில் வேண்டும். தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ளும் உரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழங்கியிருக்கிறது. எனவே இந்த வட்டத்தின் வாடகைப் படிவங்களும் அறிவிப்புகளும் தமிழிலும் இருக்க வேண்டும். தாம் படிக்க முடியாத தாளில் கையெழுத்திட்டவரை, நீ ஒப்புக்கொண்டாயே என்று எந்த அதிகாரியும் சொல்லலாகாது. உரிமையாளர் கையெழுத்திட மறுத்தால், குடியிருப்பை நிரூபிக்க மின்கட்டண ரசீது, பள்ளிச் சான்று, அண்டைவீட்டார் இருவரின் வாக்குமூலம் ஆகியவற்றில் எது இருந்தாலும் போதும் என்று எல்லையின் இருபுறத்து விதிகளிலும் எழுதப்பட வேண்டும்.